பதினாலாவது அம்மா

"இந்த வருஷத்துல இது பதினாலாவது அம்மா," என்றான் டெஸ்மண்ட், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேசையைச் சுற்றி இருந்த சேர்க்கைக் குழுவினரில் இரண்டு பேர் சிரித்தார்கள். லோர்னா சிரிக்கவில்லை.

அமெரிக்காவில், வெர்மாண்ட் மலைப்பக்கத்துச் சின்னக் கல்லூரி அது. ஐந்நூறு இடத்துக்கு ஒன்பதாயிரம் விண்ணப்பம் வந்திருந்தது. மதிப்பெண்ணில் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பார்கள். கடைசியில் ஆளைப் பிரித்துக் காட்டுவது, கல்லூரி தனியாகக் கேட்கும் துணைக் கட்டுரைதான். 'நீங்கள் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி இருநூற்றைம்பது சொற்களில் எழுதுக' என்று கேட்டிருந்தார்கள். கூடைப்பந்து அணி, சர்ச் பாடகர் குழு, கோடை முகாம் என்று எழுதியிருந்தார்கள் பிள்ளைகள்.

மொன்டானாவில் ஒரு சுரங்க ஊரைச் சேர்ந்த வில்லா கார்மோடி மட்டும், ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களுக்குக் கீமோ மருந்து ஏற்றும் அறையைப் பற்றி எழுதியிருந்தாள். அங்கே ஏழு சாய்வு நாற்காலிகள். செவ்வாய்க்கிழமைதோறும் அம்மாவை அழைத்துக்கொண்டு போவாளாம். பக்கத்து நாற்காலி லாரி டிரைவர் குறுக்கெழுத்துப் புதிரில் அவளிடம் உதவி கேட்பாராம். ஒருவர் வராமல் போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லையாம். அம்மா இறந்ததைப் பற்றி அவள் ஒரு வரிகூட எழுதவில்லை. 'அடுத்த செவ்வாய்க்கிழமை நான் தனியாகப் போனேன். அம்மாவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்' என்று முடித்திருந்தாள்.

லோர்னா அந்தக் கட்டுரையை முழுதாக வாசித்துக் காட்டினாள். அந்த அறையில் யாரும் அப்படி வாசிப்பதில்லை; ஒரு விண்ணப்பத்துக்கு நாலு நிமிஷம்தான் கணக்கு. அந்தப் பெண் அழுது காட்டவில்லை, தன்னைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை, இப்படி ஒரு பிள்ளை நம் விடுதியில் இருந்தால் பக்கத்து அறைப் பிள்ளைக்கு நல்லது என்றாள்.

மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசுவது லோர்னாதானா என்று அவர்களுக்குச் சந்தேகம். பதினொரு வருஷமாக விண்ணப்பம் படிக்கிறவள். அம்மாவை இழந்த பிள்ளைகளின் இந்த மாதிரிக் கட்டுரைகளைத் தயங்காமல் தள்ளிவிடுவதில் பேர் போனவள். டெஸ்மண்ட் வேலையில் சேர்ந்த புதிதில் அவனுக்கு விண்ணப்பம் படிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். இப்போது அவன் சேர்க்கைப் பிரிவின் இயக்குநர்.

"பதினோராம் வகுப்புல கெமிஸ்ட்ரி மார்க் குறைஞ்சிருக்கு," என்றான் அவன்.

"அந்த வருஷம்தான் அவ அம்மா செத்துப்போனாங்க."

"துக்கம் தகுதி ஆகாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான், லோர்னா."

தவறாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். ஆறு பேரில் இரண்டு கைதான் எழுந்தது. அதில் ஒன்று அவளுடையது. காத்திருப்போர் பட்டியலிலாவது போடலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். அந்தப் பட்டியலில் ஏற்கெனவே எண்ணூறு பேர், அங்கே போடுவது அந்தப் பெண்ணை ஏமாற்றுவதுதான் என்று சொல்லிவிட்டான் டெஸ்மண்ட். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. மொன்டானா அவளுடைய பொறுப்பில் இருந்த மாநிலம் என்பதால், 'இல்லை' என்ற பொத்தானையும் அவளே அழுத்த வேண்டியிருந்தது. அவள் அதை அழுத்துவதற்குள் அடுத்த பெயரைப் படிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

சாயங்காலம் லோர்னா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது டெஸ்மண்ட் பக்கத்தில் வந்தான்.

"மாரென் அடுத்த வருஷம் அப்ளை பண்றா இல்ல? அதான் உங்களுக்கு இப்படி இருக்கு. சொந்தப் பிள்ளை முறை வரும்போது எல்லாருக்கும் மனசு இளகத்தான் செய்யும்."

"இருக்கலாம்," என்றாள் லோர்னா.

இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவளுடைய முகம் வெளுத்திருக்கிறது, இந்தப் பருவத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகிறது என்றான். அவள் நன்றி சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். வழி நெடுக, பனி கரைந்து சாலையோரம் சேறாகக் கிடந்தது.

வீட்டில் மாரென் சமையலறை மேசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது, ஒரே மகள். அவளுடைய அப்பா பிரிந்து போய் வெகுகாலம் ஆகிவிட்டது. லோர்னா தக்காளி சூப்பைச் சூடு பண்ண வைத்தாள். இன்றைக்குப் பள்ளியில், கல்லூரிக் கட்டுரைக்கு என்ன எழுதலாம் என்று இப்போதிருந்தே யோசித்து வைக்கச் சொன்னார்களாம். மாரென் பேனாவைக் கடித்துக்கொண்டே இருந்தாள். நோட்டில் ஒரு வரியும் இல்லை.

"எனக்கு எழுத ஒண்ணுமே இல்லம்மா," என்றாள். "நம்ம வீட்டுல ஒண்ணுமே நடக்கறதில்ல."

லோர்னா அடுப்பை அணைத்துவிட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக மனசுக்குள் கோத்துக் கோத்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"நீ அதை எழுதற நேரத்துல நான் இருக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, மாரென்," என்றாள். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுது. என்னைப் பத்தி மட்டும் எழுதிடாத."