சாணைக்கு வந்த வேட்டைக் கத்திகள்

சாக்கைப் பிரித்ததும் சிங்காரத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மூன்று வேட்டைக் கத்திகள். பிடியில் கறுத்த ரத்தம், அலகில் காய்ந்த கொழுப்பு, அதில் ஒட்டிக்கொண்ட மான் மயிர். ஈ மொய்த்தது.

"கழுவிக்கினு வரக்கூடாதாம்மா?"

"என்னால அத்தத் தொட முடியலண்ணா," என்றாள் செல்லி. ஏழு மாத வயிறு அவளுக்கு. சாக்கை ஒரு குச்சியில் மாட்டித்தான் எடுத்து வந்திருந்தாள்.

ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வாராவாரம் சாணைச் சக்கரத்தோடு பஸ் ஏறி வருகிறவன் சிங்காரம். அரிவாள், அரிவாள்மனை என்று எத்தனையோ சாணை பிடித்திருக்கிறான். இந்த நாற்றம் புதிது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கத்திகளை மண்ணில் தேய்த்துத் துடைத்தான்.

பல வருஷம் சாணை பட்டு மெலிந்த அலகுகள். முதல் கத்தியைச் சாணை பிடித்து, தன் முன்கை ரோமத்தை அதால் வழித்துக் காட்டினான். "பாரு, சவரக் கத்தி தோத்துப்போய்டும்."

அவள் கத்தியைப் பார்க்கவில்லை. சாணைக் கல்லடியில் கொட்டிக் கிடந்த இரும்புத் தூளைப் பார்த்தாள். "இன்னும் புடிங்கண்ணா."

பிடித்து நீட்டினான். "இன்னும்," என்றாள். மறுபடியும் அதையே சொன்னாள்.

சிங்காரம் சக்கரத்தை மிதிப்பதை நிறுத்தினான். "யாருது இது?"

"எங்க வூட்டுக்காரருது."

"மான் அடிக்கக் கூடாதுன்னு சட்டம் வந்து எத்தினி வருஷம் ஆவுது. இன்னுமா அடிக்கிறாரு?"

"அவருக்கு சட்டம் எங்க தெரியுது? வூடு பூரா இந்த நாத்தம்தான். குடிக்கிற தண்ணியிலகூட அடிக்குது." அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நேத்து அடிச்சது செனை மானு. வயித்தக் கிழிச்சி, குட்டிய எடுத்து என் எதிர்ல போட்டாரு. எளங்கறி, புள்ளத்தாச்சிக்கு நல்லது, கொழம்பு வையின்னாரு. அதுக்கு மயிர்கூட மொளைக்கலண்ணா. நான் வாந்தி எடுத்தேன். அத்தப் பாத்து சிரிச்சாரு."

சிங்காரம் திரும்பிக் காறித் துப்பினான். மறுபடி அவளைப் பார்த்தபோது அவள் கண்ணில் துளி ஈரம் இல்லை.

"இந்தாம்மா, வயித்துல புள்ள கீது. கோவத்துல அவர எதுனா பண்ணிட்டு ஜெயிலுக்குப் போய்டாத."

அவள் இரண்டாவது கத்தியைக் குச்சியால் அவன் பக்கம் தள்ளினாள்.

"நான் புடிக்க மாட்டேன். அந்தப் பாவம் எனக்கு வேணாம்," என்றான் சிங்காரம். "இதுவே பாதி அலகு போய்டுச்சி. இன்னும் புடிச்சா கத்தியே இருக்காது."

"முன்ன ஒருவாட்டி இத்தயெல்லாம் கெணத்துல போட்டேன், முங்கி எடுத்துக்கினு வந்துட்டாரு," என்றாள் செல்லி. "இல்லாம போற வரைக்கும் புடிங்கண்ணா."