பதில் போகாத கடிதம்

“ஒரு கையெழுத்துக்கு நாலு மாசமா நடக்க விடுறீங்களே, நல்லாயிருக்கா சார்?”

பட்டறை மேஸ்திரி போட்ட சத்தத்தில் பக்கத்து அறை எட்டிப் பார்த்தது.

அதிகாரி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். அலுவலகத்தில் அவருக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர்.

“பார்க்கலாம் மேஸ்திரி. வரிசையில இருக்கு.”

பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கிற பட்டறை. சரக்கு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். ‘அனுப்பலாமா’ என்று அங்கிருந்து வரும் கடிதத்துக்கு ‘அனுப்பலாம்’ என்று இந்த அலுவலகம் பதில் எழுதினால்தான் அங்கே கப்பலில் ஏற்றுவார்கள்.

“உலை அணைஞ்சு கிடக்கு சார். என் தம்பியோட சேர்த்து முப்பத்திரண்டு பேர் கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கோம். ஏதாவது எதிர்பார்த்தா வாயைத் திறந்து சொல்லுங்க.”

“ஒண்ணும் வேண்டாம்.”

“வாங்குறவனாச்சும் வேலையை முடிச்சுக் கொடுப்பான்! காசும் வேண்டாம், வேலையும் பார்க்க மாட்டேன்னா எதுக்கு சார் இந்த நாற்காலி?”

மேஸ்திரி அத்தோடு விடவில்லை. முப்பத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மேலிடத்தில் மனுவை நீட்டினார். பத்தே நாளில் தூங்குமூஞ்சியை ஏதோ ஒரு மூலைக்குத் தூக்கியடித்தார்கள்.

புதிதாக வந்த அதிகாரி சுறுசுறுப்பான பெண். வந்த அன்றே அனுமதி பறந்தது.

மறுவாரம் நன்றி சொல்லப் போனார் மேஸ்திரி.

“கப்பல் கிளம்பிடுச்சு” என்ற அதிகாரியின் முகத்தில் சிரிப்பில்லை. ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினார். “கையெழுத்துப் போட்டப்புறம்தான் இதைப் படிச்சேன். போன வருஷம் உங்க பட்டறையில எடுத்த ரத்தப் பரிசோதனை.”

“எல்லாருக்கும் நல்லா இருக்குன்னு முதலாளி சொன்னாரே மேடம்?”

“எல்லார் ரத்தத்துலயும் ஈயம்.”

முதல் பெயர் தம்பியுடையது. அதன் கீழ் இரண்டு சிவப்புக் கோடு.

மேஸ்திரி அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார். “கப்பலைத் திருப்ப முடியாதா மேடம்?”

“நான் எழுதிப் பார்க்கிறேன். நம்பிக்கை இல்லை.”

“பாவி மனுஷன்! இவ்வளவு தெரிஞ்சும் முடியாதுன்னு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? தூங்கிட்டே இருந்தாரே!”

அதிகாரி கோப்பின் பழைய பக்கங்களைப் புரட்டினார்.

“எழுதியிருக்கார். இதுக்கு முன்னாடி வந்த மூணு கடிதத்துக்கும் முடியாதுன்னுதான் எழுதியிருக்கார். மூணு தடவையும் உங்க முதலாளி மேலிடத்துக்குப் போய், அதே நாள்ல அனுமதியா மாத்தி வாங்கிட்டார். பதிலே போகலைன்னா மாத்த ஒண்ணும் இருக்காது; அப்ப மட்டும்தான் கப்பல் கிளம்பாது. அதான், நாலாவது கடிதத்துக்கு அவர் தூங்க ஆரம்பிச்சிருக்கார்.”