அருந்ததித் திரை

தாலி கட்டியதும் அருந்ததி காட்ட வேண்டும். பட்டப்பகலில் அது யார் கண்ணுக்குத் தெரிந்தது? அதனால் இப்போது எல்லா மண்டபத்திலும், விண்கலம் அனுப்பும் எக்ஸ்ரே படத்தைக் காட்டும் திரையை மாட்டிவிட்டார்கள். அருந்ததிக்குப் பதிலாகப் பெரிய நட்சத்திரம் ஒன்றும் அதைச் சுற்றும் செத்த நட்சத்திரம் ஒன்றும் அதில் ஜோடியாக மின்னும். திரையை இயக்குவது ராசக்கனியின் பிழைப்பு. இன்றைய மணப்பெண் அவள் தங்கை வளர்மதி, தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.

“என்னம்மா, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் மங்கலா காட்டுற?” என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

“பொறுங்க மாமா, இப்ப வெளிச்சம் ஏறும்.”

ஏறியது. சனம் கைதட்டியது. ராசக்கனிக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். செத்தது பெரியதன் உடம்பை உறிஞ்சி விழுங்கும்போது எரிகிற வெளிச்சம் அது. அதற்குத்தான் அட்சதை தூவுகிறார்கள்.

“அக்கா, அதுல நான் எது?”

“பெருசு.”

“அப்படிப் போடு. இனி என் ராஜ்யம்தான்.”

“ராஜ்யமெல்லாம் அடுப்படியிலதான் தாயி,” என்று மாமியார் வெற்றிலை வாயோடு சிரித்தாள். “எம்மவன் நேத்தே துறைமுகத்துல உன் பேர்ல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டான்.”

வளர்மதி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராசக்கனி திரையை அணைத்தாள்.

“எந்திரிடி. துறைமுகத்துக்குப் போயி, அந்தக் கடுதாசி நான் எழுதலன்னு சொல்லு.”