சார்ஜ் போடாத ஆட்டோ

அரசு மானியத்தில் வாங்கிய மின்சார ஆட்டோவில் கனகா ஏற்காட்டிலிருந்து முதல் சவாரி கிளம்பினாள். தன் ஜீப் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், அதே மலைப்பாதையில் வாடகை ஜீப் ஓட்டும் வேடியப்பன்தான் பயணி. திரையை எட்டிப் பார்த்தவர் பதறினார்.

"ஏங்கண்ணு, சார்ஜ் பன்னெண்டு சதவீதந்தான் காட்டுது! போட மறந்துட்டியா?"

"வேணும்னுதானுங்க மாமா போடல."

"பாதி மலையில நின்னா ஊரே சிரிக்கும். அடிவாரம் போய்ச் சேந்துட்டா என் ஜீப்பையே வித்துப்போடறேன்!"

இருபது கொண்டை ஊசி வளைவிலும் அவர் கம்பியை விடவில்லை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்திய கனகா, திரையைக் காட்டினாள்.

பத்தொன்பது!

"இறக்கத்துல வேகத்தை அடக்க அடக்க பேட்டரி தானா ஏறுமுங்க. மேலயே நிறைச்சுட்டா ஏற எடமேதுங்க?"

வேடியப்பன் திரையை மறுபடி எட்டிப் பார்த்தார்.

"இத்தன வருசமா இதே இறக்கத்துல நான் பிரேக் கட்டையத்தான் தேச்சேன் சாமி... அந்த மானியத்துக்கு எங்க எழுதிக் குடுக்கோணும்?"