வண்டிக்கு ஒரு டீ

வருஷம் பிறந்து ஐந்து மாதத்தில் வண்டி பத்தொன்பதாவது தடவையாக நின்றது. அதில் பதினாறு தடவை சனிக்கிழமை. மலர்க்கொடி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

"சனி பிடிச்ச வண்டி!" என்று பின்சீட்டிலிருந்து இறங்கினாள். "வேப்பந்தட்டையில எத்தனையோ இடம் இருக்கு. உங்க அண்ணன் கடைக்கு எதிர்லதான் வந்து நிக்கணும்னு இதுக்கு என்ன வேண்டுதலோ!"

வீரமணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனான்.

மெக்கானிக் அரியமுத்து அவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன். இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். பெரிய காரணம்தான். வீரமணி மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் அண்ணன் பெயர் மூன்றாவது வரியில் வந்துவிட்டது. அதுவும் சின்ன எழுத்தில். அரியமுத்து பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போனவர்தான். பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்தது மலர்க்கொடி. அதை மட்டும் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

ஆகவே அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. வண்டியோடுதான் பேசுவார்கள்.

"வாடா ராசா," என்று அரியமுத்து பெட்ரோல் டேங்கைத் தட்டினார். "ஓட்டுறவனுக்கு இருபத்திரண்டு வருஷமா பிரேக் எது, கிளட்ச் எதுன்னு தெரியல. நீ என்ன பண்ணுவ, பாவம்?"

வீரமணி சீட்டைப் பார்த்துச் சொன்னான்: "பாக்குறவரு ஒழுங்கா பாத்தா நீ எதுக்கு வாராவாரம் வரப்போற?"

"இளைச்சுப் போயிட்டியே. சுகர் எவ்வளவு இருக்கு?"

"நூத்தி நாப்பதுன்னு சொல்லு."

"மாத்திரை ஒழுங்கா போடுறியா, மறந்துடுறியா?"

வண்டி வாயைத் திறக்கவில்லை. வீரமணியும் திறக்கவில்லை.

"நல்லதம்பி! வண்டிக்கு ஒரு டீ. சக்கரை போடாம," என்று அரியமுத்து எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்தார். டீக்கடை நல்லதம்பி, ஆறு வருஷப் பழக்கத்தில், கிளாஸை நேராக வீரமணி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே பட்டுச்சேலையோடு வெயிலில் நின்ற மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் சித்தி மகளுக்குத் தாலி கட்டி முடிந்து, மூன்றாவது பந்தியும் எழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்.

"பெரம்பலூர்ல எக்ஸ்சேஞ்ச் மேளா போட்டிருக்காங்க. வர்ற சனிக்கிழமை போறோம். இதைக் குடுத்துட்டுப் புதுசு எடுக்கறோம்."

"நல்லாத்தானே ஓடுது மலரு..."

"தள்ளிக்கிட்டுப் போறதுக்குப் பேரு ஓடுறதா? புதுசு எடுத்தா சர்வீஸ் எல்லாம் ஷோரூம்லயே. உங்க அண்ணன் கடைப்பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க வேணாம்."

வீரமணியின் முகம் சுண்டிப்போனது. ஒரு பழைய வண்டிமேல் இத்தனை பாசமா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

சனிக்கிழமை. அரியமுத்து கடை நெருங்கியதும் வண்டி வழக்கம்போல இருமியது.

"நிறுத்தாதீங்க! முறுக்குங்க!" என்றாள் மலர்க்கொடி.

முறுக்கினான். வண்டி இருமிக்கொண்டே கடையைத் தாண்டியது. ஸ்பேனரோடு எழுந்து வந்த அரியமுத்து, போகிற வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கடை ஸ்டூலில் ஒரு டீ கிளாஸ் மூடி வைக்கப்பட்டிருந்தது.

ஷோரூம் மெக்கானிக் இளவரசன் வண்டியைக் கால் மணி நேரம் பார்த்தார்.

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்குங்க. ஆனா யாரோ வேணும்னே ரெண்டு வேலை பண்ணி வச்சிருக்காங்க. ஒண்ணு, பிளக் கேப்பைப் பாதி கழட்டி விட்டிருக்கு. இன்னொண்ணு, கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவுல இருக்க வேண்டிய ஸ்பிரிங்கையே எடுத்துட்டாங்க. எவ்வளவு இறுக்கி விட்டாலும் கொஞ்ச நாள்ல அது தானா லூசாயிடும். வண்டி நின்னுடும்."

"கேட்டீங்களா!" மலர்க்கொடியின் குரலுக்கு ஷோரூமே திரும்பியது. "உங்க அண்ணன் லட்சணத்தைக் கேட்டீங்களா! கூடப்பிறந்தவன் வண்டியிலயே கைவரிசை!"

"கத்தாத," என்றான் வீரமணி. "அவரை ஒண்ணும் சொல்லாத. பிளக் கேப்பு நான்தான்."

"என்னது?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ கோயிலுக்குப் போனதும் லேசா கழட்டி விட்டுடுவேன். இல்லன்னா என்னத்தைச் சொல்லிக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

மலர்க்கொடி விரல் விட்டு எண்ணினாள்.

"பதினாறு சனிக்கிழமை நீங்க. சரி. மீதி மூணு? புதன்கிழமை ரெண்டு தடவை, திங்கக்கிழமை ஒரு தடவை நின்னுச்சே, அது யாரு?"

"அது எனக்கே தெரியல. நான் தொடல."

"அப்ப அந்த ஸ்பிரிங்?"

"எனக்கு எங்கடி ஸ்பிரிங் கழட்டத் தெரியும்? பிரேக் எது, கிளட்ச் எதுன்னே..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். இருவரும் வண்டியைப் பார்த்தார்கள்.

இளவரசன் ஒரு புது ஸ்பிரிங்கை எடுத்துக்கொண்டு வந்தார். "சின்ன சாமான்தாங்க. மாட்டி விட்டுடறேன், அப்புறம் நிக்கவே நிக்காது."

வீரமணி வாயைத் திறப்பதற்குள் மலர்க்கொடி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி. ஏங்க, சீக்கிரம் கிளம்புங்க. அங்க வண்டிக்குச் சொன்ன டீ ஆறிப்போவுது."