டேங்க் தூக்கிவிட்ட கை

தோலில் பூச்சிமருந்து எவ்வளவு ஊறுகிறது என்று அளப்பது புவனேஸ்வரியின் வேலை. மருந்து பட்ட இடம் புற ஊதா விளக்கில் ஒளிரும்படி சாயம் கலந்து கொடுத்திருந்தாள். கரியமாணிக்கத்து விவசாயி அருள்முருகன் முதுகில் மாட்டும் தெளிப்பானில் ஆறு டேங்க் மருந்து அடித்துவிட்டு வந்ததும், மோட்டார் கொட்டகையின் கதவைச் சாத்தி, அவர் வெற்று முதுகில் விளக்கைக் காட்டினாள். வலது தோளில் ஐந்து விரல்கள் பளிச்சென்று பதிந்திருந்தன.

"டேங்க்கை யாருங்க தூக்கி விட்டது?"

"எப்பவும் போல குனிஞ்சேன், பின்னாலருந்து தூக்கி வுட்டாங்க. நீங்கதான்னு நெனச்சேன், மேடம்."

அவள் வரப்பை விட்டு இறங்கவே இல்லை. வயலில் வேறு யாரும் இல்லை. இருப்புக் கொள்ளாமல், அவர் தோளைச் சோப்புப் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினாள். கழுவிய தண்ணீரில் சாயமே இல்லை. விரல்கள் அப்படியே இருந்தன.

"எரியுதா?"

"எரியல மேடம். அவங்கதான் இன்னும் கைய எடுக்கல."