அடைக்கோழி

“அண்ணனுக்குப் போன் போட்டு வரவழைக்கிற அளவுக்கு நான் என்னடி செஞ்சேன்? ஒரு அடி அடிச்சிருக்கேனா?”

“அத விடுங்க, அடையில உக்காந்திருக்கு…”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு. ஒரு அடி?”

“இல்ல. அத விட்டுருங்க.”

இருளப்பன் விடவில்லை. கூடைக்குள் கையைவிட்டுக் கோழியைத் தூக்கி, பேச்சோடு பேச்சாகக் கழுத்தைத் திருகி, பொன்னுத்தாயின் காலடியில் போட்டான். இறக்கைகள் இரண்டு தரம் தரையில் அடித்து ஓய்ந்தன. அவள் வளர்த்த கோழிகள், வீட்டில் நடந்த ஒவ்வொரு சண்டைக்கும் ஒன்று என இப்படித்தான் போயின.

“காரமாக் குழம்பு வை. மச்சான் வந்திருக்காருல்ல.”

அண்ணன் வேலுச்சாமி தங்கையின் முகத்தையும் கைகளையும் உற்றுப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

“பொண்டாட்டி மண்டையப் பொளக்குறவன் இருக்கிற ஊருல, கை நீட்டாத மனுசன் உனக்கு வாய்ச்சிருக்காரு. ஒரு கோழிக்காகவா என்னய இம்புட்டுத் தூரம் வரச்சொன்ன, தாயி?”

அவள் இறகைப் பிடுங்கி, தீயில் வாட்டி, மஞ்சள் தடவி அறுத்தாள். குழம்பு கொதிக்கும்வரை முட்டைகளை மடியில் கட்டி வைத்திருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அவற்றின் சூடு இறங்கியது.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இருளப்பன் கழுத்துக் கறியை எடுத்து மச்சானின் இலையில் வைத்தான். பொன்னுத்தாய் அண்ணனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

“கோழி இதோட தீந்துபோச்சுண்ணே. அடுத்த தடவ கோபம் வந்தா அந்தக் கை எதத் தேடும்னு, அவர்கிட்டக் கேட்டுச் சொல்லிட்டுப் போ.”